ஃபெஸ் நகரத்து மருமகள்

உவைஸ் ஹஜ்ரத்திடம் மார்க்கப் பாடம் கேட்க வருகிறவர்களில் ஒருவருக்கு மட்டும் தாடி முழுக்க நரைத்திருந்தது. அவர் பெயர் நூகு லெப்பை. வயது அறுபத்தாறு. ஹஜ்ரத்துக்கு நாற்பத்தொன்று.

காயல்பட்டினத்தில் நூகு லெப்பைக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. மனைவி ஸாலிஹா இறந்த பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை ஒட்டிய அறைக்கு வந்து உட்காருவார். இருபத்தைந்து வயது இளையவர் முன்னால் கால் மடக்கி உட்கார அவருக்குக் கூச்சம் இல்லை. ஆனால் பாடத்தில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஒரு நாள் ஒரு கடிதத்தோடு வந்தார். வெளிநாட்டு உறை. உள்ளே முழுக்க அரபி.

"ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

ஹஜ்ரத் முதலில் தனக்குள் வாசித்தார்.

"மொராக்கோவுல ஃபெஸ் நகரத்துல இருந்து வந்திருக்கு. எழுதினவங்க பேரு கென்ஸா. உங்க மகன் முனவ்வரோட மனைவி."

"தெரியும். மேல சொல்லுங்க."

முனவ்வர் படிக்கப் போன இடம் அது. போகாதே, கடையைப் பார் என்றார் நூகு லெப்பை. மகன் போனான். படித்து முடித்து அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே திருமணமும் செய்துகொண்டான். பதின்மூன்று வருடமாக வாப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால், முப்பத்தேழு வயதில், வகுப்பில் நின்றுகொண்டிருந்தவன் நெஞ்சு வலித்து விழுந்து இறந்துபோனான். செய்தி உறவினர் ஒருவர் மூலமாக ஊருக்கு வந்தது. அன்றைக்கும் நூகு லெப்பை பாடத்துக்கு வந்திருந்தார்.

ஹஜ்ரத் கடிதத்தைத் தமிழில் சொன்னார்.

"'உங்கள் மகனை அடக்கம் செய்த அன்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டோம். இவர் உங்களுக்கு ஏதாவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றோம். பொறுத்தோம் என்றார்கள். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். தெருமுனையில் ரொட்டி சுடுகிறவர்கூடச் சொன்னார். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் முதலில் கேட்க நினைத்தது உங்களிடம்தான். முடிந்தால் வாருங்கள்.' இவ்வளவுதான் எழுதியிருக்காங்க."

நூகு லெப்பை தரையைப் பார்த்தார்.

"நேர்ல போகணுமா, ஹஜ்ரத்? இங்கிருந்தே பொறுத்துட்டேன்னு சொன்னாப் போதாதா?"

"போதும்."

"அப்பச் சொல்லிடலாமா?"

"சொல்லுங்க."

நூகு லெப்பை வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். அப்போதும் வரவில்லை.

"உம்மா மவுத்துக்கே வராதவன், ஹஜ்ரத்," என்றார் கடைசியில். ஸாலிஹா இறந்தபோது முனவ்வர் வரவில்லை.

ஹஜ்ரத் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து நூகு லெப்பை பாடத்துக்கு முன்பே வந்தார்.

"டிக்கெட் போட்டாச்சு. உங்களுக்கும் சேர்த்து. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நான் சொல்றதை நீங்க அவகிட்டச் சொல்லணும். அவ சொல்றதை எங்கிட்டச் சொல்லணும்."

"சரி, காக்கா," என்றார் ஹஜ்ரத். பாடத்தில் நூகு லெப்பை மாணவர். மற்ற இடத்தில் ஹஜ்ரத்துக்கு அவர் காக்காதான், அண்ணன் முறை.

*

பழைய ஃபெஸ் நகரத்துக்குள் கார் நுழையாது. வெளிப்பக்கம் நீல ஓடும் உள்பக்கம் பச்சை ஓடும் பதித்த பெரிய வாசலில் இறங்கி நடக்க வேண்டும். உள்ளே போனால் சந்து, அதற்குள் சந்து. சில இடங்களில் எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கழுதைகள் மூட்டை சுமந்து வரும். "பாலக்! பாலக்!" என்று பின்னால் குரல் கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும். முதல் முறை நூகு லெப்பை ஒதுங்கவில்லை. கழுதையே ஒதுங்கிப் போனது.

தங்கும் இடத்தில் பையை வைத்ததும் ஹஜ்ரத் கேட்டார்.

"எப்பப் போகலாம், காக்கா?"

"இன்னைக்குக் களைப்பா இருக்கு. நாளைக்கு."

மறுநாள் காலையில் நூகு லெப்பை சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்துட்டு அந்தப் பெரிய பள்ளிவாசல்ல தொழாமப் போகலாமா?"

"தொழலாம்," என்றார் ஹஜ்ரத்.

கரவிய்யீன் பள்ளிவாசலைத் தேடிப் போனார்கள். ஹஜ்ரத் வழி கேட்டார். இருபது வருடம் படித்த அரபி, இலக்கணம் பிசகாத அரபி. புதினா விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் அதைப் பேசினார். அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். பஸ் கண்டக்டரிடம் செந்தமிழில் பயணச்சீட்டு கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர்களுக்கு. அந்த ஊர்த் தெருவில் பேசுகிற அரபி வேறு.

நூகு லெப்பை முன்னால் வந்தார். தொழ நிற்பது போல இரண்டு கையையும் காதுவரை தூக்கித் தக்பீர் கட்டிக் காட்டினார்.

"பள்ளிவாசல்ங்க. பெரிய பள்ளி. எந்தப் பக்கம் போகணும்?"

சுத்தத் தமிழ். புதினாக்காரர் "ஆ!" என்றார். கடையை அப்படியே விட்டுவிட்டு, நூகு லெப்பையின் முழங்கையைப் பிடித்து மூன்று சந்து கடந்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார். போகும்போது ஒரு கட்டுப் புதினாவையும் கையில் திணித்தார்.

"நீங்க இவ்வளவு படிச்சும் பிரயோசனம் இல்லையே, ஹஜ்ரத்," என்றார் நூகு லெப்பை. ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் ஹஜ்ரத்.

முற்றத்தின் நடுவே வெள்ளைச் சலவைக்கல் தொட்டியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேலே பச்சை ஓட்டுக் கூரை. உள்ளே தூண் தூணாகப் போய்க்கொண்டே இருந்தது. நண்பகல் ளுஹர் தொழுது முடித்து இருவரும் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"இதைக் கட்டினது ஒரு பெண்ணுன்னு சொல்லுவாங்க," என்றார் ஹஜ்ரத். "ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வேற ஊர்ல இருந்து வந்து குடியேறின குடும்பம். வாப்பா மவுத்தானாங்க. அவங்க விட்டுட்டுப் போனதை வச்சு அந்த மகள் இதைக் கட்டினாங்கன்னு சொல்றது."

நூகு லெப்பை கூரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அவங்களுக்கு வாப்பா முதல்ல போனாங்க," என்றார். "முறையாப் போனாங்க."

பிறகு அவர் கேட்டார்.

"மவுத்தானவங்களுக்கு நாம பேசறது கேக்குமா, ஹஜ்ரத்?"

ஒரு மாணவராக அவர் ஹஜ்ரத்திடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"என்ன பேசணும், காக்கா?" என்றார் ஹஜ்ரத்.

நூகு லெப்பை எழுந்து செருப்பைத் தேடினார்.

மூன்றாம் நாள் தோல் பதனிடும் இடத்தைப் பார்த்தாக வேண்டும் என்றார். மொட்டை மாடியில் நின்று கீழே பார்த்தார்கள். வட்ட வட்டமான குழிகளில் மஞ்சள், சிவப்பு, பழுப்புச் சாயம். ஆட்கள் முழங்காலளவு உள்ளே நின்று தோலை மிதித்தார்கள். நாற்றம் மாடிவரை ஏறி வந்தது. மாடிக்காரர் ஆளுக்கொரு புதினாக் கொத்து கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூகு லெப்பை அதை மூக்கில் அழுத்திக்கொண்டு, இந்தச் சாயம் எதில் செய்தது, அந்தத் தோல் எந்த மிருகம், எத்தனை நாள் ஊறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹஜ்ரத் ஒவ்வொன்றையும் விசாரித்துச் சொன்னார். அலுத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்க அப்படியே போயிற்று.

திரும்பும் வழியில் நூகு லெப்பை கேட்டார்: "இன்னும் பார்க்க வேண்டியது என்ன இருக்கு, இந்த ஊர்ல?"

"ஒரு வீடு இருக்கு," என்றார் ஹஜ்ரத்.

*

மறுநாள் போனார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டுத் தெருவில் இருந்தது அந்த வீடு. தாழ்வான கதவு. குனிந்து நுழைந்தால் சின்ன முற்றம். முற்றத்தில் ஒரு நாரத்தை மரம்.

கென்ஸாவின் தாயார் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கென்ஸா வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை உடை. அந்த ஊரில் கணவனை இழந்தவர்கள் இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாளும் வெள்ளை உடுத்துவார்கள். அவளுக்கு நாள் முடிந்துவிட்டது. வெள்ளையை அவள் இன்னும் மாற்றவில்லை.

வந்தவள் நூகு லெப்பையின் வலது கையைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் முத்தமிட்டு முடிந்திருந்தது.

கென்ஸா பள்ளிக்கூடத்தில் அரபி இலக்கியம் கற்பிக்கிறவள். ஹஜ்ரத்தின் அரபி அவளுக்குச் சிரிப்பூட்டவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அதே அரபியில் பதில் சொன்னாள். ஹஜ்ரத் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொன்னார்.

"பயணம் எப்படி இருந்ததுன்னு கேக்கறாங்க."

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"வந்து மூணு நாளாச்சுன்னு சொன்னேன். எங்கே தங்கியிருந்தீங்கன்னு கேக்கறாங்க. நேரா இங்கே வந்திருக்கலாமேங்கறாங்க."

நூகு லெப்பை தயங்கினார். "ஊரைப் பார்த்தோம்னு சொல்லுங்க."

ஹஜ்ரத் சொன்னார். கென்ஸா புரிந்தது போலத் தலையசைத்தாள்.

தாயார் தட்டில் கண்ணாடி டம்ளர்கள் கொண்டுவந்தார். கென்ஸா கெண்டியை உயரத் தூக்கிப் புதினாத் தேநீர் ஊற்றினாள். ரொட்டியும் ஒரு கிண்ணத்தில் ஒலிவ எண்ணெயும் வைத்துவிட்டுத் தாயார் அடுக்களைக்குப் போனார்.

"முனவ்வர் தொழறதைப் பார்த்து இந்தத் தெருவுல எல்லாருக்கும் அடையாளம் தெரியுமாம்," என்று ஹஜ்ரத் அவள் சொன்னதைச் சொன்னார். "இங்கே நிறையப் பேர் கையைத் தொங்கவிட்டுத்தான் தொழுவாங்க. பார்த்தீங்கல்ல? முனவ்வர் கடைசிவரைக்கும் கை கட்டித்தான் தொழுதாராம். ஏன்னு கேட்டதுக்கு, வாப்பா கத்துக்கொடுத்ததுன்னு சொன்னாராம்."

நூகு லெப்பை தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆறு வயசுல கத்துக்கொடுத்தேன். கை வயித்துக்குக் கீழே நழுவிப் போயிரும் அவனுக்கு. பக்கத்துல நின்னு தூக்கித் தூக்கி வைப்பேன். அதைச் சொல்லுங்க."

ஹஜ்ரத் சொன்னார். கென்ஸா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"கடைசிவரைக்கும் நழுவிச்சாம்," என்றார் ஹஜ்ரத்.

மூவரும் சிரித்தார்கள்.  நாரத்தை மரத்தில் ஒரு குருவி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

கென்ஸா கைகளை மடியில் சேர்த்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். இந்த முறை நீளமாகப் பேசினாள். ஹஜ்ரத் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நூகு லெப்பையின் பக்கம் திரும்பினார்.

"காக்கா, முனவ்வர் மனசுல ஒரே ஒரு பாரம் இருந்துச்சாம். உம்மா மவுத்துக்கு நான் போகலையேங்கறது. உம்மா போன செய்தி அவருக்கு ரொம்பத் தாமதமாத்தான் தெரிஞ்சுதாம். அதுவும் யாரோ ஒருத்தர் பேச்சுவாக்குல சொல்லி. செய்தியைக்கூடச் சொல்லாத அளவுக்கு வாப்பா என்மேல கோபமா இருக்காங்க, அந்த அளவுக்கு நான் குத்தம் செஞ்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம். ஒரு நாள் நேர்ல வந்து காலைப் பிடிச்சுக் கேக்கணும்னு இருந்தாராம். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. அதனால அந்தக் குத்தத்தை நீங்க பொறுக்கணும்னு கேக்கறாங்க. அவருக்குப் பதிலா இவங்க கேக்கறாங்க."

நூகு லெப்பையின் முகம் சாம்பல் நிறமானது.

"ஹஜ்ரத்."

"சொல்லுங்க."

"அவன்மேல ஒரு குத்தமும் இல்லன்னு அவகிட்டச் சொல்லுங்க. குத்தம் எம்மேலன்னு சொல்லுங்க. என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்றேன். நீங்க அவகிட்ட நல்ல வார்த்தையாப் பார்த்துச் சொல்லிருங்க."

ஹஜ்ரத் டம்ளரில் மீதியிருந்த தேநீரைக் குடித்தார்.

"இதுவரைக்கும் நீங்க சொன்னதையெல்லாம் சொன்னேன், காக்கா. இதைச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஸாலிஹா லாத்தா உங்களுக்காக எத்தனை வருஷம் முனவ்வர்கிட்டப் பேசினாங்க?"

நூகு லெப்பை அவரையே பார்த்தார்.

"எனக்குப் பாஷை தெரியாதே, ஹஜ்ரத்."

"தெரிஞ்ச பாஷையில சொல்லுங்க."

ஹஜ்ரத் எழுந்தார். கென்ஸாவிடம் அரபியில் ஒரே வாக்கியம் சொன்னார். குனிந்து கதவைத் தாண்டி வெளியே போய்த் தெருப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

முற்றத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள். கென்ஸா காத்திருந்தாள். நூகு லெப்பை டம்ளரைத் தொட்டார், தட்டைத் தொட்டார், தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். பிறகு, அவளைப் பார்க்காமல், நாரத்தை மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வீட்டுக்கு வந்தா போன் அடிக்கும், பிள்ளை. முனவ்வர்தான். உம்மாவுக்குப் பேசுவான். நான் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டானான்னு கேளும்பேன். அவ கேப்பா. அங்க குளிரு எப்படின்னு கேளும்பேன். அதையும் கேப்பா. ஒரு நாளும் போனை நான் கையில வாங்கினதில்ல. இந்தாங்க, நீங்களே கேளுங்கன்னு அவ நீட்டுவா. நான் எழுந்து போயிருவேன். எட்டு வருஷம் இப்படித்தான்."

கென்ஸாவுக்கு 'முனவ்வர்' என்ற பெயர் புரிந்தது. 'உம்மா' புரிந்தது. அவள் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை அவ மவுத்தாயிட்டா. அன்னைக்கே அடக்கிட்டோம். முனவ்வருக்கு நான் சொல்லியிருப்பேன்னு ஊரெல்லாம் நினைச்சுக்கிச்சு. நான் சொல்லல. வெள்ளிக்கிழமை போன் அடிச்சுது."

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"எடுத்தா என்ன சொல்றது? எட்டு வருஷம் கழிச்சு அவன்கிட்டப் பேசற முதல் வார்த்தை. உன் உம்மா போயிட்டாங்கறதையா முதல் வார்த்தையாச் சொல்றது? அடிச்சு அடிச்சு நின்னுச்சு. அடுத்த வெள்ளியும் அடிச்சுது. போனுக்கு முன்னால உட்கார்ந்திருந்தேன். கைக்கு எட்டுற தூரம். அதுக்கு அடுத்த வெள்ளியும் அடிச்சுது. மூணு வெள்ளி, பிள்ளை. நாலாவது வெள்ளி அடிக்கல. யாரோ சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஊர்ல கேக்கறவங்ககிட்டயெல்லாம், உம்மா மவுத்துக்கே வராதவன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நான் சொல்லாம அவன் எப்படி வருவான்? எப்படி வருவான், சொல்லு."

கடைசியில் அவர் அவளைப் பார்த்தார். கண்ணீர் தாடியில் இறங்கியிருந்தது.

"என்னைப் பொறுத்துக்க, பிள்ளை. அவன்கிட்டக் கேக்க வழியில்ல. உங்கிட்டக் கேக்கறேன்."

கென்ஸா அசையாமல் இருந்தாள். பிறகு பேசினாள். ஹஜ்ரத்திடம் பேசிய இலக்கண அரபியில் பேசவில்லை. தாயோடு பேசுகிற, தெருவில் பேசுகிற, கணவனோடு பேசியிருக்கக்கூடிய அந்த ஊர்ப் பேச்சில் பேசினாள். வேகமாகப் பேசினாள். நடுவில் அழுதாள். ஒரு கட்டத்தில் அவள் குரல் உயர்ந்தது. விரலை நீட்டி அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள், மறுபடியும் அதையே கேட்டாள். அவர் தலை குனிந்துகொண்டார். அடுக்களை வாசலில் தாயார் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கென்ஸாவின் குரல் மெல்ல இறங்கியது. இறங்கிய குரலில் இன்னும் வெகுநேரம் பேசினாள்.

பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, எண்ணெயில் தோய்த்து, நூகு லெப்பையின் கையில் வைத்தாள்.

அவர் அதைத் தின்றார்.

*

மறுநாள் காலை மூவரும் அடக்கஸ்தலத்துக்குப் போனார்கள். ஊர்ச் சுவருக்கு வெளியே, குன்றின் சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கபுறுகள். சரிவில் ஏற நூகு லெப்பைக்கு மூச்சு வாங்கியது. கென்ஸா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கபுறின் மேல் கென்ஸா நட்டிருந்த செடி பூக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. ஹஜ்ரத் ஃபாத்திஹா ஓதி துஆ செய்தார். பிறகு கீழே பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நூகு லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்தார். மண்ணில் கை வைத்தார்.

"முனவ்வர்," என்றார்.

பதின்மூன்று வருடமாக அந்தப் பெயரை அவர் மற்றவர்களிடம்தான் சொல்லியிருக்கிறார். அவனிடம் சொன்னதில்லை.

"முனவ்வர், வாப்பா வந்திருக்கேன்டா."

காற்று சரிவில் ஏறி வந்தது. கென்ஸா தலைத்துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா மவுத்தாயிட்டாங்கடா. ஞாயித்துக்கிழமை. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு, கொஞ்சம் படுக்கறேன்னு படுத்தாங்க. கஷ்டப்படல. முகம் நல்லா இருந்துச்சு. முந்தின வெள்ளிக்கிழமை நீ பேசினதைத்தான் ரெண்டு நாளும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. உனக்கு இருமல்னு கவலைப்பட்டாங்க."

அவர் மண்ணை நோக்கி இன்னும் குனிந்தார். சற்றுக் கழித்து, குரல் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னார். அது மண்ணுக்கு மட்டும்தான் கேட்டது. கென்ஸா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தி, "ஆமீன்," என்றாள்.

புறப்படும்போது கென்ஸா தன் தோள்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நூகு லெப்பையிடம் கொடுத்தாள். பாதாம் வைத்துச் செய்த இனிப்பு. அடுத்த வருடம் நோன்புக்கு முன்னால் தாயாரையும் கூட்டிக்கொண்டு காயல்பட்டினம் வருவதாக ஹஜ்ரத்திடம் சொன்னாள். ஹஜ்ரத் அதைத் தமிழில் சொன்னார்.

"வரச் சொல்லுங்க," என்றார் நூகு லெப்பை. உடனே கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். "வா, பிள்ளை. வீட்டுக்கு வா."

அவள் தலையசைத்தாள்.

*

கசாபிளாங்கா போகும் ரயிலில் ஜன்னலோர இருக்கை நூகு லெப்பைக்கு. வெளியே ஒலிவ மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. இரண்டு நிலையம் கடந்ததும் அவர் பொட்டலத்தைப் பிரித்து ஹஜ்ரத்துக்கு ஓர் இனிப்பு கொடுத்தார். தானும் ஒன்று எடுத்தார். பாதி தின்ற பிறகு கேட்டார்.

"ஹஜ்ரத், அன்னைக்கு வீட்டுல அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் பேசுச்சே. எனக்கு ஒரு எழுத்துப் புரியல. நீங்க கதவுக்கு வெளியிலதானே இருந்தீங்க. காதுல விழுந்திருக்குமே. என்ன சொல்லுச்சு?"

ஹஜ்ரத் கையிலிருந்த இனிப்பைத் தின்று முடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எதிர்ல உட்கார்ந்து கேட்டது நீங்கதானே, காக்கா," என்றார்.